பன்னிரண்டு வோல்ட்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக்
காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வருவதுபோல்
போர்வையில் சுற்றிக் கணினியை
என் கராஜுக்குக் கொண்டுவந்தான் சரவேஷ்.
"கிராஃபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு, மோகாம்பரி அக்கா."
சாட்ஸ்வொர்த்தில் எல்லோரும்
தீர்ப்போடுதான் வருகிறார்கள்.
என்னிடம் இருப்பது ஸ்க்ரூ டிரைவர்.

நாளை கொடுக்கவேண்டிய கல்யாண வீடியோ.
டோங்காட் கோயில். மாப்பிள்ளையின் கை
தாலியோடு உயர்கிறது.
இவன் சேர்த்த ரோஜா இதழ்கள்
ஆயிரக்கணக்கில் கொட்டத் தொடங்குகின்றன,
திரை கறுப்பு.
விசிறி மட்டும் அலறுகிறது.
கெட்டிமேளம் இன்னும் மூன்று விநாடி
இருட்டில் யாருக்கோ அடித்துவிட்டு
அதுவும் நிற்கிறது.

ஐந்து முறை ஓட்டினோம்.
ஐந்து முறையும் அந்தப் பெண்
குனிந்த தலையோடு காத்திருந்தாள்.

ஒரே இடத்தில் விழுந்தால்
முதலில் ஃபைலைச் சந்தேகிக்கவேண்டும்.
இதழ்களை நீக்கினேன். தாலி ஏறியது.
"இதழ் இல்லாம எப்படி? அதுக்குத் தனியா
முன்னூறு ராண்ட் வாங்கிட்டேனே."
ஆக ஃபைல் அல்ல, பாரம்.
பாரம் தாங்காதவன் யார்?
சுமப்பவனா,
சுமப்பவனுக்குச் சோறு போடுபவனா?

கார்டின் பசியை எழுபது சதவீதத்துக்கு இறக்கினேன்.
இதழ்கள் திக்கித் திக்கி விழுந்தன,
ஆனால் விழுந்தன.
சரவேஷ் கைதட்டினான். நான் தட்டவில்லை.
புண்பட்ட வயிறும்
குறைத்துத் தின்றால் அடங்கத்தான் செய்யும்.

பிறகு கண்ணில் பட்டது:
ஒரே வயரில் இரண்டு தலை.
பிரித்து, இரண்டு தனி வயர் கொடுத்தேன்.
கூடுதலாக ஆறு விநாடி.
தாலி கழுத்துவரை வந்தது.
முடிச்சு விழவில்லை.

மஞ்சள் வயரில் ஒரு முனை, கறுப்பில் ஒரு முனை.
மீட்டரில் பன்னிரண்டு, சொல்லிவைத்தாற்போல்.
சும்மா இருக்கும்போது
யார்தான் நல்லவரில்லை?
ஓட்டு, என்றேன்.
பதினொன்று புள்ளி ஏழு.
மாப்பிள்ளை எழுகிறார், பதினொன்று மூன்று.
முதல் இதழ். பத்து ஒன்பது.
இருட்டு.

அப்போதும் சொல்லவில்லை.
இரண்டு பக்கமும் கேட்கவேண்டும்.
அவன் கார்டை என் கணினியில் மாட்டினேன்:
நாற்பது நிமிடம் விடாமல் பூமழை.
என் சப்ளையை அவன் கணினிக்குக் கொடுத்தேன்:
அங்கும் பூமழை.
குற்றவாளியைக் கழற்றிக் கையில் எடுத்தபோது
காலி பிஸ்கட் டின்னின் கனம்கூட இல்லை.
மேலே தங்க எழுத்தில் எழுநூற்றைம்பது வாட்.
மூடியைத் திறக்கவில்லை;
பிளக்கைப் பிடுங்கிய பிறகும்
உள்ளே ஒரு கடியை ஒளித்துவைத்திருக்கும் பிராணி அது.
கம்பி வலை வழியே டார்ச் அடித்துக் காட்டினேன்:
மூன்று கெப்பாசிட்டர், பூரிபோல் உப்பிய தலை.
லோட் ஷெட்டிங் முடிந்து கரண்ட் திரும்பும்போதெல்லாம்
ஓர் அறை வாங்கியிருக்கிறது.
வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

"கார்டைத்தான் ரெண்டு மாசமாத் திட்டினேன்," என்றான்.
"புதுசுக்கு அட்வான்ஸ்கூடக் கொடுத்தாச்சு."
கடையில் பேசித் திருப்பி வாங்கு என்றேன்.
என் சப்ளையைத் திங்கள்வரை கடனாகக் கொடுத்தேன்.

ஏழு நாற்பதுக்குப் பார் நகரத் தொடங்கியது.
நாற்பத்து மூன்றில் இருவரும் மூச்சு விடவில்லை.
நாற்பத்து நான்கு.
அவள் கழுத்தில் மூன்று முடிச்சு.
மெலிசாக அரைத்த தேங்காய்ச் சட்னியோடு
ரொட்டி தின்றோம், கண்ணை எடுக்காமல்.
எண்பது. தொண்ணூற்று ஒன்று.
தொண்ணூற்று ஏழு.

மணி எட்டு.
கராஜ், தெரு, எதிர்மலையின் ஜன்னல்கள்,
ஹைவே வரைக்கும் சாட்ஸ்வொர்த் மொத்தமும்
ஒரே விநாடியில் அணைந்தன.

யாரும் பேசவில்லை.
இருட்டுக்குள்ளிருந்து கடைசியில் சரவேஷ்,
மிக மெதுவாக:
"அக்கா, இது கார்டு இல்லையே?"